தண்டனை அளவு நெறிகள்: ‘வழிகாட்டு நெறிமுறை’யை இங்கேயாவது விட்டுவிடுங்கள்

‘வழிகாட்டு நெறிமுறைகள்’ என்ற தொடரைக் கொரோனா காலத்தில் கேட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்றிருந்தேன். முகக்கவசத்துக்கு ஒரு வழிகாட்டு நெறிமுறை, கல்யாண மண்டபத்துக்கு ஒன்று, தேரோட்டத்துக்கு ஒன்று. இப்போது அது கோர்ட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2025இல் இங்கிலாந்தில் தண்டனை அளவுக்கான நெறிகளை வகுக்கும் அமைப்பான சென்டென்சிங் கவுன்சில் கொண்டுவர இருந்த ஒரு மாற்றத்தை அந்த நாட்டு அரசே எதிர்த்தது. மாற்றம் நடைமுறைக்கு வருமுன்னே நின்றுபோனது. இதைத் தமிழ்ச் செய்தியில் ‘தண்டனை வழிகாட்டு நெறிமுறைகள் நிறுத்திவைப்பு’ என்று வாசித்தார்கள். பாளையங்கோட்டை கோர்ட்டுப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், “அங்கன தண்டனையவே நிப்பாட்டிட்டாவளாம்லா, அண்ணாச்சி” என்றார். அவரை எப்படிக் குறை சொல்ல? அந்தத் தொடருக்குள் ‘தண்டனை’ என்ற ஒரு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது. மீதி எல்லாம் சத்தம்.

சரி, இந்தத் தொடரின் ஆங்கில மூலமான ‘சென்டென்சிங் கைட்லைன்ஸ்’ என்றால் என்ன? ஒருவர் குற்றவாளி என்று முடிவான பிறகு, எவ்வளவு தண்டனை என்று நீதிபதி கணக்கிடும் வழியை முன்கூட்டியே எழுதிவைப்பது. சட்டம் பெரும்பாலும் இரண்டு கரையை மட்டும்தான் காட்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த நம்முடைய பாரதிய நியாய சங்கிதா 118(2)ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தால் குறைந்தது ஓராண்டு, பத்தாண்டு வரை போகலாம், ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம். வரப்புத் தகராறில் மண்வெட்டியால் அடித்தவனும் வரலாம், கூலிக்கு அரிவாள் எடுத்தவனும் வரலாம். ஓராண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவே எந்த இடம் என்பதைத்தான் இந்த நெறிகள் சொல்கின்றன.

சொல்லின் பிறப்பு எளியது. ‘சென்டென்ஸ்’ லத்தீன் ‘சென்டென்ஷியா’விலிருந்து வந்தது. கருத்து, முடிவு என்று பொருள். வாக்கியத்துக்கும் தீர்ப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் ஆனது அதனால்தான். கணினி மொழிபெயர்ப்பு சில நேரம் ‘வாக்கிய வழிகாட்டுதல்கள்’ என்று துப்புவதும் அதனால்தான். அதை அப்படியே அச்சடித்த ஒரு துண்டுத்தாள் என்னிடம் இருக்கிறது. இலக்கண வகுப்புக்குக் கொடுக்கலாம். ‘தண்டனை’ வடமொழி ‘தண்ட’த்தின் வழி வந்தது. தண்டம் என்றால் கோல். அவ்வளவுதான்.

இப்போது வழக்குக்கு வருவோம். ‘வழிகாட்டு நெறிமுறை’யில் வழி, நெறி, முறை என்று ஏறக்குறைய ஒரே பொருளுள்ள மூன்று சொற்கள் வரிசையில் நிற்கின்றன. நெறி என்றாலே வழிதான். வழியைக் காட்டுகிற வழியின் முறை என்று யாராவது பேசுவார்களா? நீளம்கூடப் போகட்டும். பெரிய குறை, எதை அளக்கிறோம் என்பதையே அது சொல்லவில்லை. தண்டனை வழிகாட்டு நெறிமுறை என்றால் சிறைக்குள் கைதியை எப்படி நடத்த வேண்டும் என்பதாகவும் இருக்கலாம், தூக்கு நிறைவேற்றும் முறையாகவும் இருக்கலாம். விஷயமே தண்டனையின் அளவுதான். அந்த அளவு சொல்லில் இல்லை.

தமிழில் இதற்குச் சொல் பஞ்சமா என்றால், இல்லவே இல்லை. தீர்ப்பு நாளில் கோர்ட்டு வராண்டாவில் நின்று பாருங்கள். குற்றவாளி என்று சொல்லியாகிவிட்டது, தண்டனை மட்டும் பாக்கி. எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) அப்பா வக்கீல் பின்னாலேயே போவார். “எவ்வளவு போடுவாவ, வக்கீலய்யா?” உள்ளே நீதிபதி, தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று எதிரியைக் கேட்பார். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 235(2)இல் சேர்த்த கேள்வி இது. இன்றைய நாகரிக் சுரக்ஷா சங்கிதாவில் 258(2). “வயசான அம்மா இருக்காங்கய்யா, பிள்ளைங்க சின்னது, கொறச்சுப் போடுங்க” என்பான். அவன் சொன்னது தீர்ப்பில் ஒற்றை வரியாக ஏறும். வராண்டாவில் ‘எவ்வளவு’, கூண்டில் ‘கொறச்சு’. இரண்டும் அளவுதான். வக்கீல்களும் ‘தண்டனையின் அளவு குறித்து’ என்றுதான் வாதாடுகிறார்கள். கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கே போய்த் தேடுகிறோம்?

ஆகவே ‘தண்டனை அளவு நெறிகள்’ என்பது என் பரிந்துரை.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் இதையும் ஏற்க மாட்டார். ‘தண்டனை’ வடசொல், ‘ஒறுப்பு நெறி’ என்று சொல்லு என்பார். சொல் அழகானது, மறுக்கவில்லை. ‘ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்கிறது 561ஆம் குறள். தகுந்தபடி ஆராய்ந்து, மறுபடி அந்தத் தவறு நடக்காதபடி, குற்றத்துக்கு ஒத்த அளவில் தண்டிப்பதே அரசு. இந்த நெறிகளின் சாரமே அந்த ‘ஒத்தாங்கு’தான். ஆனால் இன்றைக்கு எங்கள் ஊரில் ‘ஒறுத்தல்’ என்று சொன்னால் கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் கறி மீனை விடுவதைத்தான் நினைப்பார்கள். மற்ற வீடுகளில் ஒன்றுமே நினைக்க மாட்டார்கள். தீர்ப்பு என்பது தண்டிக்கப்படுகிறவனுக்கும் புரிய வேண்டிய எழுத்து. இங்கே தூய்மையைவிடத் தெளிவுதான் எனக்குப் பெரிது, கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

‘விதிகள்’ என்று வைத்தால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். அதற்குத்தான் இந்த நெறிகள் எப்படிப் பிறக்கின்றன, நீதிபதியை எவ்வளவு கட்டுப்படுத்தும் என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2010இல் தொடங்கிய கவுன்சில், ஏற்கெனவே கொடுத்த தண்டனைகளை ஆராய்ந்து ஒரு வரைவு போடும். பொதுவாகப் பன்னிரண்டு வாரம் கருத்துக் கேட்கும், திருத்தி வெளியிடும், நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து மறுபடி திருத்தும். நீதியின் நலனுக்கு முரண் என்று தோன்றினாலொழிய நீதிபதி அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். ‘வழிகாட்டுதல்’ என்றால் நம் காதில் யோசனை போல ஒலிக்கும். அங்கே அது யோசனை இல்லை. அமெரிக்காவில் கதை தலைகீழ். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையம் போட்ட நெறிகள் 1987 நவம்பரில் கட்டாய விதியாக வந்தன. குற்றத்தின் கடுமைக்கு 43 படி, பழைய குற்றங்களுக்கு ஆறு பத்தி. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எத்தனை மாதம் என்று வாய்ப்பாடு போல எழுதியிருக்கும். 2005இல் புக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. வாய்ப்பாடு அப்படியே இருக்கிறது, ஆலோசனையாக. வருடா வருடம் திருத்தங்களை மே 1க்குள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்கு அனுப்புகிறார்கள். காங்கிரஸ் தடுக்காவிட்டால் நவம்பர் 1 முதல் செல்லும். ‘விதி’ அமெரிக்காவுக்குப் பொருந்தாது, ‘வழிகாட்டுதல்’ இங்கிலாந்துக்குப் பொருந்தாது. ‘நெறி’ இரண்டையும் தாங்கும். எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் சொல்லிக்கொள்ளட்டும்.

நம் நாட்டில் இப்படி எழுதிவைத்த முழு நெறித்தொகுப்பு கிடையாது. குற்றவியல் நீதிச் சீர்திருத்தத்தை ஆராய்ந்த மளிமத் குழு 2003இல் வேண்டும் என்றது, 2008இல் மாதவ மேனன் குழுவும் கேட்டது. தூக்குக்கு மட்டும் 1980 பச்சன் சிங் தீர்ப்பின் ‘அரிதிலும் அரிது’ என்ற அளவுகோல் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறையாவது சரியாகத் தமிழாக்கியது அதைத்தான். யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, டீக்கடையிலும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

அந்த மாதிரி எளிமையைத்தான் துணைச் சொற்களிலும் கேட்கிறேன். இங்கிலாந்து நீதிபதி முதலில் எதிரியின் குற்றப் பொறுப்பையும் விளைந்த தீங்கையும் பார்த்து ஒரு புள்ளியில் தொடங்குவார்: ‘தொடக்க அளவு’. அங்கிருந்து கூட்டவோ குறைக்கவோ இடம் உண்டு: ‘அளவு வரம்பு’. முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு குறையும்: ‘ஒப்புதல் கழிவு’. கூட்டச் சொல்லும் காரணங்களை ‘மோசமாக்கும் காரணிகள்’ என்றும், குறைக்கச் சொல்பவற்றை ‘தணிப்புக் காரணிகள்’ என்றும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள். தணிப்பு சரி. மோசமாவது எது? குற்றமா, தண்டனையா, எதிரியின் உடம்பா? ‘கடுமைக் காரணிகள்’ என்று எழுதினால் கை வலிக்காது.