பெட் சி.டி. ஸ்கேனில் சர்க்கரை எங்கே போகிறது?

மண்டையோட்டின் அடியிலிருந்து பாதித் தொடை வரை உடலை ஒரே படுக்கையில் படம் எடுத்துவிடுவதால், பெட் சி.டி. என்றாலே 'புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் மெஷின்' என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்த மெஷினுக்குப் புற்றுநோய் என்றால் என்னவென்றே தெரியாது. ஊசி வழியாக ஏற்றிய ஒரு வகைச் சர்க்கரை, ஒரு மணி நேரத்தில் எங்கெங்கே போய்த் தங்கியது என்பது மட்டும்தான் தெரியும். சாப்பிடாமல் வாருங்கள், பேசாதீர்கள், போர்த்திக்கொண்டு படுங்கள் என்று மையத்தில் சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான். ரிப்போர்ட்டில் நேரும் குழப்பங்களுக்கும் மூலம் இதுவே.

அந்தச் சர்க்கரையின் பெயர் எஃப்.டி.ஜி. குளுக்கோஸ் மூலக்கூறின் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் இணையை எடுத்துவிட்டு, அங்கே கதிரியக்க ஃப்ளோரின்-18 அணுவை வைத்திருப்பார்கள். செல்லுக்கு இந்த வித்தியாசம் முதலில் தெரிவதில்லை. குளுக்கோஸ் நுழையும் அதே வழியாக உள்ளே விடுகிறது. ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அடுத்த படியில்தான் சிக்கல். அந்த இரண்டாவது கார்பனில் ஆக்ஸிஜன் இல்லாததால் அடுத்த நொதியால் அதை எரிக்க முடியாது. பாஸ்பேட் ஒட்டியிருப்பதால் வெளியே வரவும் முடியாது. உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சர்க்கரைப் பசி அதிகமுள்ள செல்லில் அதிகம் சேரும்.

பல புற்றுச் செல்களுக்கு அந்தப் பசி மிக அதிகம். ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கும்போதுகூட அவை குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலமாகத் தள்ளுகின்றன என்பதை ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கவனித்திருந்தார். அதைப் படமாக்க அரை நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் தயாரித்த எஃப்.டி.ஜி., 1976 ஆகஸ்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. அப்போது அவர்கள் பார்க்க விரும்பியது மூளையைத்தான். புற்றுநோய்க்கு அது இவ்வளவு உதவும் என்பது பிறகு தெரிந்த சேதி.

இனி கடிகாரத்துக்கு வருவோம். ஃப்ளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில், ஆக்ஸிஜன்-18 செறிவூட்டிய தண்ணீரின் மீது புரோட்டான்களை மோதவிட்டு இதைத் தயாரிக்கிறார்கள். அதைச் சர்க்கரையோடு இணைத்து, தரம் சோதித்து, ஈயப் பெட்டியில் வைத்து வண்டியிலோ விமானத்திலோ அனுப்ப வேண்டும். காலை 8 மணிக்குக் குப்பியில் 40 மில்லிகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 8 மில்லிகியூரி என்றால் அந்த நேரத்தில் 5 பேருக்கு வரும். 9.50-க்கு 20-தான் மிஞ்சும்: 2 பேர். 11.40-க்கு 10: ஒரே ஒருவர். குப்பியிலிருந்து யாரும் ஒரு சொட்டும் எடுக்கவில்லை, காலம்தான் எடுத்துக்கொண்டது. சொந்த சைக்ளோட்ரான் இல்லாத மையங்களில் 'மருந்து இன்னும் வரவில்லை' என்று காக்க வைப்பதும், நீங்கள் அரை மணி தாமதமாகப் போனால் வேறொருவரை முன்னால் அனுப்பிவிடுவதும் இதனால்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது? ஃப்ளோரின்-18 சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளியேறுகிறது. பெட் என்ற பெயரே இதிலிருந்து வந்ததுதான். எலெக்ட்ரானின் எதிர்த்துகள் அது. திசுவுக்குள் சராசரியாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தூரம் ஓடி, ஓர் எலெக்ட்ரானோடு மோதி இரண்டும் அழிகின்றன. அந்த இடத்திலிருந்து 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்கள் ஏறக்குறைய நேர் எதிர்த் திசைகளில் பாய்கின்றன. படுக்கையைச் சுற்றியிருக்கும் வளையத்தில், ஒவ்வொன்றும் 3, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆயிரக்கணக்கான படிகங்கள் காத்திருக்கின்றன. எதிரெதிரே உள்ள இரண்டு படிகங்கள் சில நானோ நொடிக்குள் மின்னினால், மூலம் அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ இருக்கிறது என்று கணினி குறித்துக்கொள்ளும். புதிய மெஷின்கள் எந்தக் கதிர் முதலில் வந்தது என்பதையும் அளக்கின்றன. 300 பிக்கோ நொடி துல்லியம் இருந்தால் கோட்டில் சுமார் 4.5 சென்டிமீட்டருக்குள் இடத்தைச் சுருக்கிவிடலாம். இப்படிக் கோடிக்கணக்கான கோடுகள் சேர்ந்துதான் ஒரு படம். சிதைந்து முடிந்த ஃப்ளோரின் மறுபடி ஆக்ஸிஜன்-18 ஆகிவிடுகிறது. அதாவது மாட்டிக்கொண்ட மூலக்கூறு கடைசியில் சாதாரணக் குளுக்கோஸாகவே மாறி, செல் அதை எரித்து முடித்துவிடும்.

கோடுகளில் பெரும்பாலானவை வந்து சேர்வதே இல்லை. இந்தக் கதிர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒவ்வொரு 7 சென்டிமீட்டர் திசுவுக்கும் பாதியாகிறது. 35 சென்டிமீட்டர் தடிமனான உடலில் ஜோடி இரண்டும் தப்பி வருவது நூற்றுக்கு மூன்று, நான்குதான். அப்படியே படம் போட்டால் தோலும் நுரையீரலும் பளிச்சென்றும், வயிற்றின் நடுப்பகுதி இருட்டாகவும் தெரியும். இங்கேதான் சி.டி. வருகிறது. எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று எக்ஸ்-ரே மூலம் அளந்து, இழந்த கதிர்களைக் கணக்கிட்டு ஈடுசெய்கிறார்கள். சிறுநீரகம் எது, நிணநீர்க் கணு எது என்று இடம் காட்டுவதும் அதே சி.டி.தான். இரண்டையும் ஒரே உறையில் வைத்த முதல் மாதிரி மெஷின் 1998-இல் பிட்ஸ்பர்க்கில் வேலை செய்யத் தொடங்கியது.

ஈடுசெய்வதில் ஏமாற்றமும் உண்டு. இடுப்பு மூட்டில் உலோகம், பல்லில் உலோக உறை, மார்பில் பேஸ்மேக்கர் இருந்தால், சி.டி. அந்த இடத்தின் அடர்த்தியைத் தப்பாக மிகைப்படுத்தும்; கணினி அங்கே வராத கதிரையும் வந்ததாக ஏற்றிவிடும். சுற்றியுள்ள திசு சும்மா ஒளிரும். அதனால்தான் படம் பார்க்கும் மருத்துவர் ஈடுசெய்யாத படத்தையும் பக்கத்தில் திறந்து வைக்கிறார். அதிலும் ஒளிர்ந்தால் நம்பலாம். மூச்சு இன்னொரு வில்லன். சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். பெட் ஒவ்வொரு நிலைக்கும் 2, 3 நிமிடம் என்று 15, 20 நிமிடம் ஓடும். அதற்குள் உதரவிதானம் நூற்றுக்கணக்கான முறை மேலும் கீழும் போய் வந்திருக்கும். கல்லீரலின் உச்சியில் இருக்கும் கட்டி, படத்தில் நுரையீரலின் அடியில் இருப்பது போலத் தெரிவது இதனால்தான். ஆழமாக மூச்சு இழுத்துப் பிடிக்கச் சொல்லாமல், சாதாரணமாக விடச் சொல்வதும் இதற்காகவே.

தயாரிப்புதான் இந்தச் சோதனையில் பாதி. 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு; தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கலாம். சாப்பிட்டால் இன்சுலின் ஏறும், இன்சுலின் ஏறினால் சர்க்கரை தசைக்குள் போகும். கட்டிக்குப் போக வேண்டியதைத் தொடையும் தோளும் பங்குபோட்டுக்கொள்ளும். 'சாப்பாடு எதுவும் சாப்பிடவில்லை' என்பவர் காலையில் சர்க்கரை போட்ட காபி குடித்திருப்பார். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்திருக்கமாட்டார். இருமல் சிரப், சூயிங்கம், வார்டில் ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் டிரிப் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். ஊசிக்கு முன் ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள். 200 மில்லிகிராமைத் தாண்டினால் பெரும்பாலும் வேறொரு நாள்தான். 'ஒரு இன்சுலின் போட்டு இறக்கிவிட்டு எடுத்துவிடுங்களேன்' என்று கேட்பது இயல்பு. ஆனால் அந்த இன்சுலினே எஃப்.டி.ஜி.யைத் தசைக்குள் தள்ளிவிடும். போட்டால் சுமார் 4 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குக் குடல் முழுக்க ஒளிரும். குடலைத்தான் பார்க்க வேண்டும் என்றால் மருத்துவர் 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும். தானாக நிறுத்திக்கொள்ளக் கூடாது.

முந்தைய நாள் ஜிம்முக்குப் போனாலோ மூட்டை தூக்கினாலோ அந்தத் தசைகள் படத்தில் வரும். ஊசி போட்ட பிறகு இருட்டறையில் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வைப்பார்கள். அப்போது போனில் பேசினால் குரல்நாண் தசைகள் இரண்டும் கழுத்தில் ஒளிரும். தொண்டைப் புற்றுநோய்க்காக வந்தவருக்கு இதைவிட மோசமான குழப்பம் கிடையாது. ஏ.சி. குளிரில் நடுங்கினாலும் பிரச்சினை. உடல் வெப்பத்துக்காக எரிக்கும் பழுப்புக் கொழுப்பு கழுத்திலும் காறை எலும்பின் மேலும் முதுகெலும்பின் ஓரத்திலும் இருக்கிறது. ஒல்லியான இளம் வயதினருக்கு அது விழித்துக்கொண்டால், கழுத்து நிணநீர்க் கணுக்களை அடையாளம் காண்பதே கடினம். போர்வை அதற்குத்தான்.

ஊசி போட்ட ஊழியர் உடனே அறைக்கு வெளியே போய், பிறகு இன்டர்காமில் பேசுவார். சிலருக்கு இது மனதை உறுத்தும். எக்ஸ்-ரே அறையில் போடும் அரை மில்லிமீட்டர் ஈயக் கவசம் 511 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிரை ஏறக்குறைய ஒன்றுமே செய்யாது. பாதியைத் தடுக்கவே 4, 5 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரைப் பார்க்கும் ஊழியருக்குத் தூரமும் வேகமும்தான் கவசம். நோயாளிக்கு 300 மெகாபெக்கரல் (சுமார் 8 மில்லிகியூரி) எஃப்.டி.ஜி.யால் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 6 மில்லிசீவர்ட். அதன்மேல் சி.டி.யின் பங்கு சேரும்; கான்ட்ராஸ்ட் என்ற சாய மருந்து போட்டு முழுத் தரத்தில் எடுத்தால் எஃப்.டி.ஜி.யைவிட அதுவே அதிகமாகிவிடலாம். 12 மணி நேரத்தில் உடலில் கதிரியக்கம் ஒரு சதவீதத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் கைக்குழந்தையையும் கர்ப்பிணிகளையும் விட்டுச் சற்று விலகியிருந்தால் போதும்.

ரிப்போர்ட்டில் எல்லோரும் தேடுவது, ஓரிடத்தில் எஃப்.டி.ஜி. எவ்வளவு சேர்ந்தது என்று சொல்லும் எஸ்.யு.வி. என்ற எண்ணை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மெகாபெக்கரல் கொடுத்தால், உடல் முழுவதும் சமமாகப் பரவினால் ஒரு கிராமுக்கு 5 கிலோபெக்கரல் வரும். அதுதான் எஸ்.யு.வி. 1. ஓரிடத்தில் 40 இருந்தால் எஸ்.யு.வி. 8. கணக்கு இவ்வளவுதான், ஆனால் அதற்குள் போகும் ஒவ்வொன்றும் பிசகலாம். எடையைக் கேட்டு எழுதிவிட்டு எடை மெஷினில் நிறுத்தாமல் விடுவது உண்டு. நரம்பு தவறி மருந்தின் ஒரு பகுதி கையிலேயே தங்கிவிட்டால், மற்ற இடங்களிலெல்லாம் எண் குறைந்து தெரியும். கூடவே அந்தக் கை அக்குளின் கணு ஒளிரும்! கொழுப்பு எஃப்.டி.ஜி.யை அதிகம் எடுக்காது என்பதால் பருமனானவர்களுக்கு எண் ஏறியே இருக்கும். 8 மில்லிமீட்டருக்குக் குறைவான கட்டியின் ஒளி சுற்றுப்புறத்தோடு கலந்துவிடுவதால், உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். '2.5-க்கு மேல் என்றால் புற்றுநோய்' என்று ஒரு விதி வெகுகாலமாகச் சுற்றுகிறது. அதை மறந்துவிடுவது நல்லது. லிம்ஃபோமா என்ற நிணநீர் மண்டலப் புற்றுநோயில் மருத்துவர்கள் பயன்படுத்தும் டோவில் அளவுகோல் எண்ணை நம்புவதே இல்லை. நோயாளியின் சொந்தக் கல்லீரலையும் மார்பின் நடுவில் ஓடும் ரத்தத்தையும் அருகில் வைத்து ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறது. எடையில் தவறு நேர்ந்தால் கல்லீரலும் கட்டியும் சேர்ந்தே தவறும், ஒப்பீடு தப்பாது.

சர்க்கரைப் பசி புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமல்ல. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களும் அப்படியே விழுங்கும். நம் ஊரில் இதன் பெயர் காசநோய். மார்பின் நடுவில் கணுக்கள், முதுகெலும்பில் ஒரு புண், நுரையீரலில் ஒரு முடிச்சு, எல்லாம் தகதகவென்று எரிந்தாலும், அது பரவிய புற்றுநோயாகவும் இருக்கலாம், மாத்திரையில் குணமாகும் காசநோயாகவும் இருக்கலாம். படத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. எந்தக் கணுவில் ஊசி போட்டுத் திசு எடுக்கலாம், எது எட்டும், எது நன்றாக ஒளிர்கிறது என்று பெட் காட்டும், தீர்ப்பு நுண்ணோக்கியில். அறுவை சிகிச்சைக்குப் பின் சுமார் 6 வாரம், கதிர்வீச்சுக்குப் பின் சுமார் 3 மாதம் கழித்து எடுப்பதும் ஆறிக்கொண்டிருக்கும் திசு ஏமாற்றாமல் இருக்கத்தான். வெள்ளை அணுக்களைக் கூட்டும் ஊசி போட்டிருந்தால் முதுகெலும்பு முழுக்கவும் மெழுகுவர்த்தி போல நிற்கும். தடுப்பூசி போட்ட கையின் அக்குளும் ஒளிரும்.

எதிர்த் தவறும் உண்டு: புற்றுநோய் இருக்கும், ஒளி இருக்காது. நிதானமாக வளரும் பல பிராஸ்டேட் புற்றுகளுக்குச் சர்க்கரைப் பசி குறைவு. நன்கு முதிர்ந்த செல்களைக் கொண்ட கல்லீரல் புற்றில், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி இருப்பதால் மாட்டிய சர்க்கரை வெளியேறிவிடும். மூளை எப்போதும் சர்க்கரையில் மூழ்கியிருப்பதால் அதற்குள் இருக்கும் சிறு கட்டி மறைந்துபோகும், அதற்கு எம்.ஆர்.ஐ.தான். எஃப்.டி.ஜி. சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை ஒரு விளக்கு மாதிரி எரிந்து பக்கத்தில் உள்ளதை விழுங்கிவிடும். படுக்கைக்குப் போகும் முன் கழிப்பறைக்கு அனுப்புவது அதனால். இந்த இடங்களில் வேறு மருந்து வேண்டும். பிராஸ்டேட்டுக்கு பி.எஸ்.எம்.ஏ., நரம்பு-நாளமில்லாக் கட்டிகளுக்கு டோட்டாடேட். இவற்றில் பலவற்றுக்கும் கேலியம்-68 போதும். 68 நிமிட அரை ஆயுளுள்ள அதை, மேசை மேல் வைக்கும் அளவு சிறிய, ஜெர்மேனியம் அடைத்த ஜெனரேட்டரிலிருந்தே கறந்துகொள்ளலாம், சைக்ளோட்ரான் தேவையில்லை. 'பெட் எடுத்தாகிவிட்டது' என்று சொல்பவரிடம் எந்த மருந்தில் என்று கேட்பது அதனால்தான் அவசியம்.

சிகிச்சைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று ஒப்பிட எடுப்பவர்கள் இரண்டையும் ஒரே மெஷினில் எடுக்கப் பாருங்கள். ஊசிக்கும் படத்துக்கும் இடையிலான நேரமும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்; பல கட்டிகளில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் எஃப்.டி.ஜி. ஏறிக்கொண்டே போகும் என்பதால், முதல் முறை 60 நிமிடத்திலும் அடுத்த முறை 90 நிமிடத்திலும் எடுத்தால், குறைந்த கட்டிகூடக் குறையாதது போலத் தெரியும். அச்சடித்த ஃபிலிமை மட்டும் எடுத்துப் போகாமல் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட நேரமும் கொடுத்த அளவும் உடல் எடையும் அந்தக் கோப்புகளுக்குள் பதிவாகியிருக்கும். ஃபிலிமில் அவற்றை வைத்து மறுபடி அளக்க வழியில்லை.