சோறு கொண்டுபோன தம்பியும் குற்றவாளிப் பட்டியலில்

சென்னை தம்பு செட்டித் தெருவில் இரண்டாவது மாடியில் என் வக்கீல் ஆபீஸ். ஒரு நாள் சாயந்திரம் குமாஸ்தா கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு அம்மா படியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதே மாதிரி இன்னொண்ணைப் போலீஸ்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க சார். என் சின்ன புள்ளையையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றார். பிறகு வழக்குக் கட்டைப் பார்த்தபோது, எடுத்துப்போன பொருள்களைப் போலீஸ் எழுதிவைக்கும் மகஜரில் அது இருந்தது: மூடியுடன் கூடிய எவர்சில்வர் தூக்கு ஒன்று.

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பெரிய மகனுக்கு 23 வயது. ஒரு தெருச் சண்டை வழக்கில் ஜாமீனில் இருந்தவன் ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. ஜாமீனில் வர முடியாத பிடியாணை வந்துவிட்டது. பயந்துபோய் எட்டு மாதம் சொந்தக்காரர் வீடுகளில் மாறி மாறி இருந்தான். ஒரு ராத்திரி போலீஸ் கதவைத் தட்ட, கைக்குக் கிடைத்த மீன் வெட்டும் கத்தியை எடுத்து வீசிவிட்டு ஓடினான். முன்னால் நின்ற தலைமைக் காவலர் வலது கையை மறைப்பாகத் தூக்கியதால் வெட்டு கையோடு போனது. அதன்பிறகு பதினோரு நாள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் பாதி கட்டிய ஒரு வீட்டில் பதுங்கியிருந்தான். சோறும் செலவுக்குப் பணமும் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தது தம்பி. சமைத்துக் கொடுத்தது அம்மா.

"சோறு குடுத்தது தப்பா சார்? பெத்தவ வேற என்ன பண்ணுவா?"

இருபது வருடத் தொழிலில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். தேடப்படுபவன் என்று தெரிந்தே, சட்டத்திடமிருந்து அவனைத் தப்பவைக்கக் கொடுத்தால், சோறும் தப்புதான். சட்டத்தில் 'புகலிடம்' என்றால் வீட்டில் ஒளித்து வைப்பது மட்டும் இல்லை. உணவு, தண்ணீர், பணம், துணி, வண்டி ஏற்பாடு எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வருகிறது. முன்பு இ.பி.கோ. 212, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 249-வது பிரிவு. ஒளிந்திருப்பவன் செய்தது மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்றால், உதவியவருக்கு 5 ஆண்டு வரை சிறை. அவனைப் பிடிக்க உத்தரவு வந்துவிட்டது அல்லது காவலிலிருந்து தப்பியவன் என்று தெரிந்தும் ஒளித்தால் 253-வது பிரிவில் அது 7 ஆண்டு வரை போகும். விலக்கு ஒருவருக்குத்தான் உண்டு, கணவன் அல்லது மனைவி. அம்மாவுக்குக் கிடையாது, அண்ணன் தம்பிக்கும் கிடையாது. இதை நான் சொன்னபோது அந்த அம்மா தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஆறாத வருத்தம் அந்த எட்டு மாதத்தைப் பற்றித்தான். வாய்தா தவறியதற்கு வந்த பிடியாணைக்கு, வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய் பிடியாணையைத் திரும்பப் பெறச் சொல்லி 'வாரண்ட் ரீகால்' மனு போட்டால் போதும். மாஜிஸ்திரேட் கண்டிப்பார், சில நேரம் சில நாள் ரிமாண்ட் கூட ஆகலாம், அதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். ஜாமீனில் இருப்பவர் காரணமில்லாமல் ஆஜராகாமல் போவது தனிக் குற்றம் என்றாலும் அதற்கு அதிகபட்சம் 1 ஆண்டுதான். அவன் கத்தியை வீசிய பிறகு வழக்கு கொலை முயற்சி. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க அதில் இடம் இருக்கிறது.

அந்தக் காவலர் கையைத் தூக்க ஒரு நொடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு ஸ்டேஷனின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இரவு ரோந்தில் ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களை விரட்டிப்போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். வெறும் திருட்டுக்கு அன்றைய இ.பி.கோ. 379-வது பிரிவில் அதிகபட்சம் 3 ஆண்டு. கொலைக்கு ஆயுள் அல்லது தூக்கு. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது கொஞ்ச தூரம் ரோடுதான். 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் தேடப்பட்டவர்கள், ஒரு வாரத்துக்குள் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டார்கள். ஓடுகிற தூரம் கூடலாம், நாள் கூடுவதில்லை.

சென்னைக்காரர்களுக்கு மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியனை நினைவிருக்கும். கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையில் தேடப்பட்டவர்களைப் பிடிக்க 2017 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. கொள்ளையன் சுட்டுவிட்டான் என்றுதான் முதலில் செய்தி வந்தது. உடன் போன அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தவறுதலாக வெடித்த குண்டு அது என்று பிறகு ராஜஸ்தான் போலீஸே சொன்னது. யார் கை தவறினாலும், ஒருவன் ஓட இன்னொருவர் விரட்டும் இடத்தில் உயிர் போவது இவ்வளவு சுலபம். யார் செய்தார் என்பதைச் சாட்சியம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கும் அந்த வழக்கு ஒரு காரணம்.

பணியில் இருக்கும் காவலரைக் கொல்வதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கும் என்று கேட்பவர்களுக்கு: தூக்கு என்பது அரிதினும் அரிதான வழக்குக்கு மட்டும் என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், தண்டனையைக் கடுமையாக்கும் சூழல்களாக எடுத்துக் காட்டப்பட்டவற்றில் ஒன்று, பணியில் இருந்த காவலரைக் கொல்வது.

எங்கள் வழக்கில் அந்தத் தலைமைக் காவலர் சாட்சி சொல்ல வந்த நாளை மறக்க முடியவில்லை. நான் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு வக்கீல், குறுக்கு விசாரணை என் வேலை, அதைச் செய்தேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது அவருக்கு இரண்டு விரல் மடங்கவில்லை. பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் செருகி, இடது கையால் பேப்பரை அழுத்திக்கொண்டு, பக்கத்துக்குப் பக்கம் பொறுமையாகப் போட்டார். குற்றவாளிக் கூண்டில் நின்ற பெரிய மகன் அதைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, ஏன் சரணடைய மாட்டேன் என்கிறார்கள்? "போனா அடிப்பாங்க, சுட்டுடுவாங்க." இந்தப் பயத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 2025 ஆகஸ்டில் உடுமலைப்பேட்டை அருகே குடிமங்கலத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல் கொல்லப்பட்ட வழக்கில், தந்தையும் ஒரு மகனும் சரணடைந்தார்கள். தேடப்பட்ட இன்னொரு மகன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்துபோனார். அப்படி முடிவதை நீதி என்று என்னால் சொல்ல முடியாது. இறந்த காவலரின் குடும்பத்துக்கும் சாட்சியங்களை அலசி எழுதிய ஒரு தீர்ப்பு கிடைக்க வேண்டும். ஆனால் அந்த ஆபத்து அதிகம் இருப்பது வெளியே ஒளிந்திருப்பவனுக்கு. மாஜிஸ்திரேட் முன்னால் பகல் வெளிச்சத்தில் வக்கீலோடு நிற்பவனுக்கு மிகவும் குறைவு.

தலைமறைவு நீண்டால், ஆஜராகச் சொல்லிக் கோர்ட்டின் பிரகடனம் வரும், வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள், சொத்து ஜப்தியாகும். தலைமறைவானவருக்கு முன்ஜாமீன் பொதுவாகக் கிடைக்காது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356-வது பிரிவின்படி, பிரகடனக் குற்றவாளி இல்லாமலேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் சொல்லலாம்.

வீட்டில் யாராவது இப்படி இருந்தால், சோற்றுத் தூக்கைக் கட்டும் முன் வக்கீலைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். அது இலவச சட்ட உதவி எண். எந்த ஸ்டேஷன் வழக்கோ அந்த எல்லைக்குரிய கோர்ட்டுக்கு, எழும்பூரோ சைதாப்பேட்டையோ, காலையிலேயே போய்விடுங்கள். உடம்பில் ஏற்கெனவே காயம் இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். போலீஸ் காவலில் எடுத்தால், எடுக்கும் முன்னும் பின்னும் மருத்துவப் பரிசோதனை கேளுங்கள். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை உண்டு, அதையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இப்போதும் மாதா மாதம் வாய்தாவுக்கு வருகிறான். பெயின்டிங் வேலை, அன்றைய கூலி போய்விடும். ஒரு வாய்தாகூடத் தவறியதில்லை. முதல் நாள் ராத்திரியே அந்த அம்மா எனக்குப் போன் செய்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு சார்?" என்று கேட்டுவிடுவார்.