வரி ஆணை எந்தத் தேதியில் வந்தது?

போன மாதம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். ரீஃபண்டு வரவில்லை, ஏதோ பழைய பாக்கியில் கழித்துக்கொண்டார்கள் என்றார். வருமான வரித் துறையின் போர்ட்டலைத் திறந்தால், ஏழு மாதத்துக்கு முன்பே ஆணை வந்து கிடக்கிறது. வங்கியில் கட்டிய நாலு லட்சத்துக்குக் கணக்கில்லை என்று அதை வருமானத்தில் சேர்த்திருந்தார்கள். வீட்டு வேலைக்காக அதே வங்கியில் எடுத்த பணம் அது. வேலை தள்ளிப்போனதும் திரும்பக் கட்டியிருக்கிறார். பாஸ்புக்கில் எடுத்தது, கட்டியது இரண்டு பதிவும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் நோட்டீஸ் எல்லாம் முன்பு ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரின் மின்னஞ்சலுக்கே போயிருக்கின்றன.

“கோர்ட்டுக்குப் போகணுமா சார்?” என்று கேட்டார். வேண்டாம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் கீழ் வந்த ஆணையை எதிர்த்து, துறைக்குள்ளேயே மேல்முறையீட்டு ஆணையரிடம் படிவம் 35இல் முறையிடலாம். கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய். எல்லாம் ஆன்லைன்தான். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால், 1941 முதல் இயங்கும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. உயர் நீதிமன்றம் அதற்கும் அப்புறம்தான்.

மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடக் கெடு 30 நாள். ஆணை உங்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வெறும் கூட்டல் பிழை, டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்த வரி) விட்டுப்போனது போன்றவற்றுக்குத் திருத்த மனுவே போதும்; அதற்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் திருத்த மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து 30 நாளைக் கோட்டை விட்டவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

மேல்முறையீட்டு மனுவில் “வரி அதிகம், தயவு செய்து குறைக்கவும்” என்று எழுதினால் எடுபடாது. எந்தத் தொகையை, எந்த ஆவணத்தை வைத்து மறுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். முதல் விசாரணையில் தராத ஆவணத்தை இப்போது தருவதானால், அப்போது ஏன் தர முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஏற்க மறுக்கலாம்.

இன்னொன்று, மேல்முறையீடு போட்டதுமே வசூல் நின்றுவிடாது. நிறுத்தி வைக்கத் தனியாக மனு கொடுக்க வேண்டும். பொதுவாக, கேட்கும் தொகையில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள்.

டீச்சருக்கு முதலில் போர்ட்டலில் மின்னஞ்சலையும் மொபைல் எண்ணையும் மாற்றினோம். தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில், நோட்டீஸ் யாருடைய முகவரிக்குப் போனது என்பதை ஆதாரத்தோடு சொல்லி, பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறோம். விசாரணை நோட்டீஸ் இனி அவருடைய போனுக்கே வரும்.