பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி: சட்டம் ஏன் தடுக்கிறது?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் புது காருக்கு சீட் கவர் வாங்கப் போனேன். கடைக்காரர் அடுத்து எடுத்துக் காட்டியது பம்பர் கார்டு. "தட்டிப் பாருங்கண்ணா, முழு இரும்பு. ஓசூர் ரோட்ல எவன் இடிச்சாலும் வண்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அல்சூரில் எங்கள் தெருவிலேயே இரண்டு கார்கள் அந்தக் கம்பியோடு நிற்கின்றன. இரண்டிலும் தினமும் பள்ளிக்குப் பிள்ளைகள் போகிறார்கள்.

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கிராஷ் கார்டு, புல் பார் என்றும் சொல்லப்படும் இந்தக் கம்பியை மாட்டுவது, வண்டியை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கேஸ் வண்டி உரிமையாளர் மேல்தான் விழும்.

வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் ஆபத்தே. கார் கெட்டியாக இருந்தால் போதும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பரேனி தலைகீழாக யோசித்தார். ஆள் உட்காரும் கூடு உறுதியாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும் என்று 1951இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959இல் அப்படி ஒரு கார் விற்பனைக்கே வந்தது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கும்போது இடியின் வேகம் அதிலேயே செலவாகிறது. வைக்கோல் போரில் விழுவதற்கும் கருங்கல் திண்ணையில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு போல்ட் போட்ட கம்பி அந்த வைக்கோலை எடுத்துவிடுகிறது. இடி நேரே கூட்டுக்குள் வரும். தாங்க வேண்டியது நம் நெஞ்சும் கழுத்தும்.

ஏர்பேக்கின் கணக்கும் தப்பும். கம்பெனி கொடுத்த முன்பக்கத்தை வைத்துத்தான் அதன் சென்சாரைச் சரிசெய்திருப்பார்கள். கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய வேண்டிய பை தாமதித்தால் முகம் ஸ்டியரிங்கில் மோதிவிடும். 2023 அக்டோபர் 1 முதல், இந்தியாவின் கார் பாதுகாப்புச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் தரும் நட்சத்திரங்களும் கம்பி இல்லாத காருக்குத்தான். 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்துக் கொடுப்பவை அவை.

தெருவில் நடப்பவர்களையும் நினைக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது. அந்தக் கம்பி நிற்கும் உயரத்தில்தான் சின்னப் பிள்ளையின் மார்பும் தலையும் இருக்கின்றன.

சில்க் போர்டு நெரிசலில் பம்பர் கீறுகிறதே என்று மாட்டுகிறவர்களின் வருத்தம் புரிகிறது. கீறலுக்குப் பெயிண்ட் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் போன மாதம் கழற்றினார். பம்பரில் நான்கு ஓட்டை இருந்ததால் மெக்கானிக் புது பம்பர் மாட்டச் சொன்னார், மாட்டிவிட்டார். கம்பியை பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டாயிற்று.