புதன்கிழமை ஊசி: வரவு செலவுக் கணக்கு

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்துக் கிராமங்களில் புதன்கிழமைதான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் நாள். கிராம சுகாதாரச் செவிலியர் பெட்டியைத் திறந்து, ஐஸ் பைகளுக்கு நடுவிலிருந்து குப்பியை எடுத்ததும் முதலில் பார்ப்பது அதில் ஒட்டியிருக்கும் சின்ன வட்டத்தைத்தான். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வட்டத்தின் நிறத்துக்கே அதுவும் கறுத்துவிட்டால், சூடு பட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவார்.

மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் ஊர் வரை கொண்டுவருவது அரசின் செலவு. நமக்கு எல்லாம் இலவசம். வருமானச் சான்று எதுவும் வேண்டாம். 1985-லிருந்து நடக்கும் தேசியத் தடுப்பூசித் திட்டம் இது. நிமோனியாவைத் தடுக்கும் பிசிவி ஊசிக்குத் தனியார் மருத்துவமனையில் ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் ஆகும். அதே பாதுகாப்பு இங்கே காசில்லாமல் கிடைக்கிறது. இலவசம் என்பதால் மட்டம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சரி, இவ்வளவு செலவு அரசுக்குக் கட்டுப்படியாகுமா? வளரும் நாடுகள் 94-ன் கணக்கைப் பார்த்து 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. தடுப்பூசிக்கு 1 ரூபாய் போட்டால், மிச்சமாகும் வைத்தியச் செலவையும் இழக்காத கூலியையும் சேர்த்து 16 ரூபாய் திரும்புகிறது என்றது. நலமாக நீண்ட நாள் வாழ்வதன் மதிப்பையும் கூட்டினால் 44. வட்டிக் கணக்கில் ஊறிய நம் பக்கத்தாருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நாடு முழுவதற்கும் மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. ஒரே நாளில், ஒரே செவிலியர், ஒரு குழந்தைக்குப் பல மருந்து கொடுத்துவிடுகிறார். போட்ட குழந்தையிடமிருந்து அடுத்த குழந்தைக்கு நோய் தொற்றுவதும் குறைகிறது.

இந்த லாபம் ஒரு கணக்கால் மட்டும் வராது, நாம் வந்தால்தான் வரும். தட்டம்மை பரவாமல் இருக்க 100 குழந்தைகளில் 95 பேராவது இரண்டு டோஸும் போட்டிருக்க வேண்டும். 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. இரண்டாவதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். குழந்தை ஓடியாடுகிறதே என்ற நினைப்பு. முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுங்கள், ஊசியையும் போட்டுவிடுங்கள். தட்டம்மை மருந்தைக் கரைத்தால் 4 மணி நேரம்தான் தாங்கும், ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும். மிச்சம் வீணாகாமல் இருக்க, உங்கள் பிள்ளையைத் தூக்கிப்போகும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு குரல் கொடுங்கள்.

தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். லேசான சளிக்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஊசிக்கு அப்புறம் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்தவர்கள் இங்கேயே போட்டுக்கொள்ளலாம். ஊர் திரும்பும்போது தாய் சேய் நல அட்டையை மறக்காமல் எடுத்துப்போங்கள், அடுத்த தவணைத் தேதி அதில்தான் இருக்கிறது.