கூடு அன்று, உள்ளடுக்கு

‘கூடுகட்டிய படிவம்’ என்ற தொடரைச் சென்ற வாரம் திருகோணமலையில் இணையச் செயலி எழுதக் கற்பிக்கும் ஒரு வகுப்பில் மறுபடியும் கேட்டேன். ‘நெஸ்டட் ஃபார்ம்’ என்ற ஆங்கிலத் தொடரில் உள்ள ‘நெஸ்டட்’ என்பதற்கு அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது பறவைக் கூடுதான். பிறகு ஒன்றனுள் ஒன்று அடங்கும் பெட்டிகளுக்கும் மேசைகளுக்கும் அப்பெயர் வந்தது. கணினிக்கு வந்தது இந்த இரண்டாம் பொருள்.

நம் ஊரில் இது இன்னொரு வகையிலும் கெடுகிறது. ‘உரிய கூட்டில் அடையாளமிடுக’ என்று விண்ணப்பங்களில் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். படிவத்தில் கூடு என்றால் எங்களுக்குக் கட்டம். “சேர், எத்தனை கூடு கீற வேண்டும்?” என்று கேட்டுவிட்டு ஒரு மாணவர் கொப்பியில் வரிசையாகக் கட்டங்கள் போட்டார். பிழை அவருடையதன்று, மொழிபெயர்த்தவருடையது.

அந்தத் தொடர் குறிப்பது இதை: ஓர் உரிமையாளர், அவருக்கு இரண்டு படகுகள். இம்மூன்றின் விவரமும் ஒரே பக்கத்தில், ஒரே அழுத்தலில் போக வேண்டும். உலாவி அனுப்புவதோ தட்டையான பட்டியல்: உரிமையாளர்[படகுகள்][0][பதிவெண்], அடுத்து [1] என்று. அந்தச் சதுர அடைப்புகளைப் படித்து, படகை உரிமையாளருக்குள் வைப்பது சேவையகம். இணையச் செயலிகளை எழுத உதவும் ரெயில்ஸ் என்ற மென்பொருள் 2009இல் தன் 2.3 பதிப்பில் இதற்கு நேரடி வசதி தந்தது. திருத்தும்போது படகின் அடையாள எண் உள்ளே வராவிட்டால் பழைய படகு திருந்தாது, புதிதாக இன்னொன்று பதிவாகிவிடும்.

‘படிவத்துள் படிவம்’ என்பாரும் உண்டு. அதையும் ஏற்க மாட்டேன். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதிப்படி ஒரு படிவத்துக்குள் இன்னொரு படிவம் வரவே கூடாது. உள்ளே இருப்பது தரவு. வெறும் ‘அடுக்கு’ என்றால் ஒன்றின்மேல் ஒன்று என்றாகிவிடும். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பனையோலைப் பெட்டிகளைப் பெரியதற்குள் சிறியதாக வைத்திருப்பார்களே, அதுதான் இது. ஆகவே ‘உள்ளடுக்குத் தரவு’ என்கிறேன்.

தரவுகளுக்கு இடையிலான தொடர்பைக் குறிக்கும் ‘அசோசியேஷன்’ என்பதைச் ‘சங்கம்’ ஆக்கியவர்களை என்ன சொல்வது? சங்கம் என்றால் உறுப்பினர் கூடுவது. உரிமையாளருக்குப் படகுகள் பல, படகோ ஒருவருக்கு உரியது. இதற்குப் பெயர் உறவு. அச்சொல்லைப் பலகையில் எழுதியதும் கட்டம் போட்ட அதே மாணவர் கேட்டார்: “அப்படியென்றால் உரிமையாளரை நீக்கினால் அவருடைய படகுகள் என்ன ஆகும், சேர்?”