வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா?

காரைக்குடியில் கணக்குத் தணிக்கை என் தொழில். மார்ச் முடிந்ததும் பலகாரக் கடை நடத்தும் ஆச்சி ஒருவர் பேரேட்டோடு வந்தார். "தம்பி, ரெண்டு நாளா உக்காந்து பாத்துட்டேன். ஐந்தொகையில ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல 36,000 இடிக்குது."

பேரேட்டைத் திறக்காமல் 36,000-ஐ ஒன்பதால் வகுத்தேன். மிச்சமில்லாமல் 4,000 வந்தது. "ஆச்சி, ஆயிரமும் பத்தாயிரமும் இடம் மாறியிருக்கான்னு பாருங்க. அந்த ரெண்டு இலக்கத்துக்கும் நாலு வித்தியாசம் இருக்கும்" என்றேன். கிடைத்துவிட்டது. 48,73,615 என்று இருக்க வேண்டியது 48,37,615 என்று ஏறியிருந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. 10, 100, 1,000 என எதை ஒன்பதால் வகுத்தாலும் மீதி 1தான். அதனால் எவ்வளவு பெரிய எண்ணுக்கும் அதன் இலக்கக் கூட்டலுக்கும் ஒன்பதால் வகுத்தால் ஒரே மீதி வரும். இலக்கங்கள் இடம் மாறினாலும் கூட்டல் மாறாது. இரண்டு எண்களின் வித்தியாசம் ஒன்பதின் மடங்காகவே நிற்கும். ஒரு சைபர் விட்டுப்போனாலும் அப்படித்தான்: 4,500-க்குப் பதில் 450 எழுதினால் வித்தியாசம் 4,050, அதாவது 9 × 450. ஆனால் இது தடயம் மட்டுமே. 900 ரூபாய் ரசீது ஒன்று விடுபட்டிருந்தாலும் ஒன்பதால் வகுபடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது வங்கிக் கணக்கு எண். பற்று வரவு மாதிரி ஒப்பிட அதற்கு எதிர்ப்பக்கம் கிடையாது. வீட்டுத் தரைக்கான ஆத்தங்குடிக் கல்லுக்கு அனுப்பிய முன்பணம், இலக்கம் மாறி யாரோ ஒருவர் கணக்கில் போய் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்ப வாங்குவதற்குள் அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஆதார் எண்ணில் இதற்கு ஒரு காவல் உண்டு. 12-வது இலக்கம் முந்தைய பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. நெதர்லாந்துக் கணிதர் வெர்ஹோஃப் 1969-ல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணின் அமைப்போ வங்கிக்கு வங்கி வேறு. எல்லாவற்றிலும் இந்தக் காவலை எதிர்பார்க்க முடியாது.

ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். தயவுசெய்து அதைப் பயன்படுத்துங்கள். பெயர் வேறாக வந்தால் நிறுத்திவிட்டு, பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்து எண்ணைக் கடைசி இலக்கத்திலிருந்து முன்னோக்கி ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். அவசரத்தில் கண் தாண்டிப்போன இடம் அப்போது தெரியும்.